பைபிளை நம்புவதும் ஆறு நாட்களை எண்ணுவதும்

கிறிஸ்தவர் ஒருவரிடம் பலரும் ஒரே மூச்சில் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுகிறார்கள். "பைபிள் கடவுளின் வார்த்தை என்று நம்புகிறீர்களா?" என்பது முதல் கேள்வி. "அப்படியானால் உலகம் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் ஆறே நாளில் உண்டானது என்றும் நம்புகிறீர்கள்தானே?" என்பது அடுத்தது. முதலாவதற்கு ஆம் என்றவர் இரண்டாவதற்கும் ஆம் என்றாக வேண்டும் என்று கேட்பவர் முடிவு கட்டிவிடுகிறார். கிறிஸ்தவர்களில் ஒரு பகுதியினரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆறு நாளை அப்படியே ஏற்காதவர் பைபிளையே கைவிட்டவர் என்று மேடையில் முழங்குபவர்கள் உண்டு. மதத்தை எதிர்ப்பவர்கள் பிடித்துக்கொள்வதும் இதே முடிச்சைத்தான்: ஆறு நாள் பொய், ஆகவே பைபிள் பொய்.

இரண்டு கேள்விகளும் தொடர்புடையவை, ஆனால் ஒன்றல்ல. அவற்றைக் குழப்பிக்கொள்வதால் விசுவாசிகளுக்கு இடையே வீண் பகை வளர்கிறது. அறிவியல் படிக்கும் இளைஞர்கள் இரண்டில் ஒன்றைத் தூக்கி எறிய வேண்டும் என்று மனம் நொந்துபோகிறார்கள். முடிச்சைப் பொறுமையாகப் பிரித்துப் பார்ப்போம். இதற்குக் கிறிஸ்தவம் பற்றிய முன்னறிவு எதுவும் தேவையில்லை.

## ஓர் உயிலும் மூன்று கேள்விகளும்

தந்தை ஒருவர் உயில் எழுதி வைத்துவிட்டு இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். "கிணற்றுக்கு வடக்கே இருக்கும் ஐந்து ஏக்கர் மூத்தவனுக்கு" என்று அதில் ஒரு வரி இருக்கிறது. கையெழுத்து தந்தையுடையதுதான், இது எங்களைக் கட்டுப்படுத்தும் என்பதில் பிள்ளைகள் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் நிலத்தை அளந்தால் நாலே முக்கால் ஏக்கர்தான் வருகிறது.

இளையவன், "அப்பா கணக்கில் தவறிவிட்டார்" என்கிறான். மூத்தவன், "அப்பா தவறவே மாட்டார். ஐந்து என்றால் ஐந்துதான். குறையும் கால் ஏக்கரை வேறெங்கிருந்தாவது கொடுங்கள்" என்கிறான். மகள் இன்னொன்று சொல்கிறாள்: "அப்பா அங்கே நில அளவை சொல்ல வரவில்லை. எந்த நிலம் என்று அடையாளம்தான் காட்டினார். அந்த நிலத்தை அவர் எப்போதும் 'ஐந்து ஏக்கர்' என்றுதான் குறிப்பிடுவார்."

மூவருமே உயிலை மதிப்பவர்கள். அவர்கள் வேறுபடுவது வேறு இடங்களில். இந்த உயில் எங்களைக் கட்டுப்படுத்துகிறதா என்பது ஒரு கேள்வி. அதில் பிழை இருக்க முடியுமா என்பது இன்னொன்று. அந்த வரி உண்மையில் என்ன சொல்ல வருகிறது என்பது மூன்றாவது. மகளும் மூத்தவனும் முதல் இரண்டு கேள்விகளில் முழுமையாக ஒத்துப்போகிறார்கள், மூன்றாவதில் மட்டும் பிரிகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், ஒரு நூலின் அதிகாரம், அதன் பிழையின்மை, அதன் பொருள் ஆகிய மூன்றும் தனித்தனி. ஆறு நாள் படைப்பு பற்றிய சண்டையில் பெரும்பகுதி மூன்றாவதைச் சேர்ந்தது. ஆனால் அது முதலாவதைப் பற்றிய சண்டைபோலவே நடத்தப்படுகிறது.

## வேத அதிகாரம் என்றால் என்ன?

பைபிள் ஒரே ஆசிரியர் எழுதிய ஒரே நூல் அல்ல. பல நூற்றாண்டுகளில், பல கைகளால் எழுதப்பட்ட நூல்களின் தொகுப்பு. புராட்டஸ்டன்ட் திருச்சபைகள் 66 நூல்களையும், கத்தோலிக்கத் திருச்சபை 73 நூல்களையும் ஏற்கின்றன. இந்த நூல்கள் கடவுளின் பெயரால் பேசுகின்றன, எதை நம்புவது, எப்படி வாழ்வது என்பவற்றில் இவை கட்டுப்படுத்தும் என்ற நம்பிக்கைதான் வேத அதிகாரம்.

16ஆம் நூற்றாண்டில் புராட்டஸ்டன்ட் இயக்கத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதரும் அவருக்குப் பின்வந்த சீர்திருத்தவாதிகளும் வேதம் ஒன்றே இறுதி அளவுகோல், போப்பாண்டவரும் ஆயர்கள் கூடி முடிவெடுக்கும் திருச்சபைச் சங்கங்களும் அதற்குக் கீழ்ப்பட்டவர்கள் என்றார்கள். கத்தோலிக்கர்களும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினரும் வேதத்தைத் திருச்சபை மரபோடு சேர்த்தே வாசிக்க வேண்டும் என்பவர்கள். அளவுகோலை யார் கையில் பிடிப்பது என்பதில்தான் வேறுபாடு. வேதத்துக்கு அதிகாரம் உண்டு என்பதில் இவர்கள் எல்லோரும் ஒன்று.

அந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது? 'தேவ ஏவுதல்' என்ற கோட்பாட்டிலிருந்து. மனிதர்கள் எழுதினார்கள், ஆனால் கடவுளின் ஆவி அவர்களைத் தூண்டி நடத்தியது என்பது அதன் பொருள். 2 தீமோத்தேயு 3:16, 2 பேதுரு 1:21 ஆகிய வசனங்கள் இதற்கு அடிப்படையாகக் காட்டப்படுகின்றன. கடவுள் சொல்லச் சொல்ல மனிதன் எழுத்தராக உட்கார்ந்து எழுதினான் என்று இதைப் புரிந்துகொள்பவர்கள் ஏராளம். திருச்சபைகள் பொதுவாக அப்படிச் சொல்வதில்லை. லூக்கா தம் நற்செய்தியின் தொடக்கத்திலேயே, எல்லாவற்றையும் விசாரித்து அறிந்து வரிசைப்படுத்தி எழுதுவதாகச் சொல்கிறார். ஆதித் திருச்சபையின் போதகரான பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் யார் யாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன் என்று நினைவுகூர்கிறார். முதலில் இரண்டு பேரைச் சொல்கிறார், பிறகு ஸ்தேவானின் வீட்டாரையும் சேர்த்துக்கொள்கிறார், அதற்குமேல் யாருக்காவது கொடுத்தேனா என்று தெரியவில்லை என்று எழுதிவிடுகிறார். மறந்துபோன ஒரு மனிதரின் நினைவு அப்படியே வேதத்தில் நிற்கிறது. ஏவுதல் என்பது மனிதனின் மனத்தைத் துடைத்துவிட்டு அவன் கையை மட்டும் பயன்படுத்துவது அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

## பிழையின்மை: நினைப்பதைவிட நுட்பமான கோட்பாடு

வேதம் உறுதியாகச் சொல்லும் எதிலும் தவறு இல்லை என்பது 'பிழையின்மை' கோட்பாடு. இங்கே 'உறுதியாகச் சொல்லும்' என்பதுதான் முழு எடையையும் தாங்குகிறது.

1978இல், பைபிளின் அதிகாரத்தை அழுத்திச் சொல்லும் புராட்டஸ்டன்ட்டுகளான சுவிசேஷப் பிரிவின் தலைவர்கள் சிகாகோவில் கூடி, பிழையின்மை பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இக்கோட்பாட்டைக் கறாராகப் பிடித்திருப்பவர்களின் ஆவணம் அது. அதிலேயே, இன்றைய தொழில்நுட்பத் துல்லியம் இல்லாதது, முழு எண்களாகச் சொல்வது, இயற்கையைக் கண்ணுக்குத் தெரிகிறபடி வர்ணிப்பது ஆகியவற்றைப் பிழை என்று கொள்ளக் கூடாது என்று எழுதப்பட்டிருக்கிறது. சூரியன் உதித்தது என்று எழுதியவரை வானியல் தெரியாதவர் என்று குற்றம் சாட்ட முடியாது. உயிலில் இருந்த ஐந்து ஏக்கருக்கு மகள் சொன்ன விளக்கத்தை இந்த ஆவணம் ஏற்றுக்கொள்ளும். அதே ஆவணம், பூமியின் வரலாறு பற்றிய அறிவியல் கருதுகோள்களைக் கொண்டு படைப்பு, ஜலப்பிரளயம் (நோவா காலத்துப் பெருவெள்ளம்) பற்றிய வேதப் போதனையைக் கவிழ்க்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் பூமிக்கு வயது எவ்வளவு என்று அது எங்கும் வரையறுக்கவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபை வேறு பாதையில் வந்தது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஆவணம், நம் மீட்புக்காகக் கடவுள் எழுதிவைக்க விரும்பிய உண்மையை வேதநூல்கள் பிழையின்றிக் கற்பிக்கின்றன என்றது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பைபிளுக்கு அதிகாரம் உண்டு, அதில் பிழை இல்லை என்ற இரண்டையும் ஒருவர் முழுமனதோடு ஏற்கலாம். அதன் பிறகும், படைப்பைச் சொல்லும் பைபிளின் முதல் நூலான ஆதியாகமம் என்ன சொல்கிறது என்ற கேள்வி திறந்தே இருக்கிறது.

## எழுத்தின்படி வாசிப்பது

எழுத்தின்படி வாசிப்பவர்களைப் பற்றி ஒரு கேலிச்சித்திரம் உலவுகிறது. அவர்கள் உவமை, கவிதை எதுவும் தெரியாத அப்பாவிகள் என்று. இது நியாயமல்ல. இயேசு "நானே வாசல்" என்றபோது அவர் மரக்கதவு என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. வெளியின் மரங்கள் கைகொட்டும் என்று தீர்க்கதரிசி ஏசாயா எழுதினால் அது கவிதை என்று அவர்களுக்கும் தெரியும். கவிதையைக் கவிதையாகவும் வரலாற்றை வரலாறாகவும், எழுதியவர் கருதிய நேர்ப்பொருளில் வாசிப்பதுதான் அவர்கள் சொல்லும் முறை.

ஆகவே உண்மையான கேள்வி, ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் எந்த வகை எழுத்து என்பதே. அது நடந்ததை நடந்த வரிசையில் பதிவுசெய்யும் வரலாறா, இறையியல் பேசும் உயர்ந்த இலக்கியமா, இரண்டும் கலந்ததா? கத்தோலிக்க வாசகர்கள் தொடக்கநூல் என்று அறியும் அந்த நூலின் முதல் பக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

முதல் நாளில் வெளிச்சம் உண்டாகிறது. இரண்டாம் நாளில் வானம் விரிந்து, மேலிருக்கும் தண்ணீரையும் கீழிருக்கும் தண்ணீரையும் பிரிக்கிறது. மூன்றாம் நாளில் தரையும் செடிகொடிகளும் வருகின்றன. நான்காம் நாளில்தான் சூரியனும் சந்திரனும் நட்சத்திரங்களும். ஐந்தில் மீன்களும் பறவைகளும், ஆறில் விலங்குகளும் மனிதரும். ஒவ்வொரு நாளும் "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்று முடிகிறது. ஏழாம் நாளுக்கு மட்டும் அந்த முடிவு இல்லை.

இப்போது நாட்களை இரண்டு வரிசையாக எதிரெதிரே வைத்துப் பாருங்கள். முதல் நாள் ஒளி, நான்காம் நாள் ஒளி தரும் சுடர்கள். இரண்டாம் நாள் வானமும் நீரும், ஐந்தாம் நாள் அவற்றில் வாழும் பறவைகளும் மீன்களும். மூன்றாம் நாள் தரை, ஆறாம் நாள் தரையில் நடமாடும் உயிர்கள். முதல் மூன்று நாட்களில் வீடுகள், அடுத்த மூன்று நாட்களில் குடியிருப்போர். இவ்வளவு நேர்த்தியான அமைப்பு, காலவரிசையைச் சொல்வதற்காக அல்ல, படைப்பின் ஒழுங்கைச் சொல்வதற்காகவே இப்படிச் செதுக்கப்பட்டது என்கிறார்கள் ஒரு சாரார். கடவுள் அந்த ஒழுங்கிலேயே படைத்திருந்தால் நேர்த்தி இருக்கத்தானே செய்யும் என்பது மறுசாராரின் பதில். அதுவும் லேசான பதில் அல்ல.

இரண்டாம் அதிகாரத்தில் படைப்பு மறுபடியும் சொல்லப்படுகிறது. அங்கே மனிதன் முதலில் உருவாக்கப்படுகிறான், அதன் பிறகு மிருகங்கள் பேசப்படுகின்றன, கடைசியில் பெண். இது ஆறாம் நாளை மட்டும் நெருங்கிச் சொல்லும் பகுதி என்று எழுத்தின்படி வாசிப்பவர்கள் விளக்குகிறார்கள். வரிசையே நோக்கமாக இருந்தால் வேறொரு வரிசை ஏன் பக்கத்திலேயே வைக்கப்பட்டது என்று மற்றவர்கள் கேட்கிறார்கள்.

## ஆறாயிரம் என்ற எண் எங்கிருந்து வந்தது?

பைபிளில் எந்த வசனமும் உலகின் வயது இவ்வளவு என்று சொல்லவில்லை. அது கூட்டிப் பெறப்பட்ட எண். ஆதியாகமம் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்துவைத்து யாரும் கூட்டலாம். ஆதாம் 130 வயதில் சேத்தைப் பெற்றான். சேத் 105 வயதில் ஏனோசை. அடுத்தடுத்து 90, 70, 65, 162, 65, 187, 182 என்று வந்து நோவாவின் பிறப்பை அடைகிறோம்: மொத்தம் 1056 ஆண்டுகள். நோவாவின் 600ஆம் வயதில் ஜலப்பிரளயம். ஆக, படைப்பிலிருந்து பிரளயம் வரை 1656 ஆண்டுகள். அதன் பிறகு 11ஆம் அதிகாரத்தின் தலைமுறைகளும் அரசர்களின் ஆட்சிக்காலங்களும் சேர்கின்றன.

அயர்லாந்தில் அர்மா பேராயராக இருந்த ஜேம்ஸ் அஷர் இந்த வேலையை மிகுந்த உழைப்போடு செய்து, 1650இல் வெளியிட்ட நூலில் படைப்பை கி.மு. 4004க்கு வைத்தார். பாபிலோனிய, கிரேக்க வரலாறுகளையெல்லாம் ஒப்பிட்டுச் செய்த புலமை அது. இன்று அவரை நகைப்பவர்களில் பலர் அந்த உழைப்பில் பத்தில் ஒரு பங்கும் செய்யாதவர்கள். 18ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கில பைபிள் பதிப்புகள் பலவற்றின் ஓரங்களில் அவருடைய ஆண்டுகள் அச்சிடப்பட்டன. வேத வசனத்துக்குப் பக்கத்திலேயே அச்சானதால் அந்த எண்ணும் வேதத்தைச் சேர்ந்ததுபோல் மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது.

கூட்டல் எளிதுதான், ஆனால் அதன் அடியில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. முதலாவது, பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் ஆதாம் சேத்தைப் பெற்றது 230 வயதில். இப்படிப் பல தலைமுறைகளில் நூறு ஆண்டுகள் கூடுகின்றன. அந்த எண்களைப் பின்பற்றிய பைசாந்தியத் திருச்சபை படைப்பை கி.மு. 5509க்கு வைத்தது. இரண்டாவது, பைபிளின் தலைமுறைப் பட்டியல்கள் சில சமயம் பெயர்களைத் தாண்டிச் செல்கின்றன. மத்தேயு முதல் அதிகாரத்தில் யோராம் உசியாவைப் பெற்றான் என்றிருக்கிறது. ஆனால் அரசர்களின் வரலாற்றைப் பார்த்தால் இருவருக்கும் நடுவே அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று அரசர்கள் ஆண்டிருக்கிறார்கள். மத்தேயு பொய் சொல்லவில்லை. வம்சத்தைச் சொல்கிறார், பிறப்புப் பதிவேட்டை அல்ல. ஆதியாகமத்துப் பட்டியலிலும் இப்படி இடைவெளிகள் இருக்கலாம் என்று வாதிட்ட பழமைவாத அறிஞர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தார்கள். வயதுகளோடு சொல்லப்பட்ட பட்டியலில் அப்படி இடைவெளி விட முடியாது என்பது எதிர்வாதம்.

## முன்னோர் எப்படி வாசித்தார்கள்?

டார்வினுக்கு முன்னால் எல்லோரும் ஆறு நாளை ஒரேபோல வாசித்தார்கள், அறிவியலுக்குப் பயந்துதான் மற்ற விளக்கங்கள் பிறந்தன என்று அடிக்கடி கேட்கிறோம். வரலாறு அப்படி இல்லை.

பழங்காலத் திருச்சபையின் பெரிய அறிஞர்கள் மூவரைப் பாருங்கள். மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன், சூரியனே இல்லாமல் முதல் மூன்று நாட்களின் மாலையும் காலையும் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டார். நான்காம் நூற்றாண்டில் பசில், உருவகம் தேடி அலைய வேண்டாம், புல் என்றால் புல்தான் என்று நேர்ப்பொருளில் பிரசங்கித்தார். அகுஸ்தீன், கடவுள் அனைத்தையும் ஒரே கணத்தில் படைத்தார், ஆறு நாட்கள் நம் அறிவுக்கேற்ப விரித்துச் சொல்லப்பட்டவை என்று கருதினார். கிறிஸ்தவரல்லாத ஒருவருக்கு வானையும் பூமியையும் பற்றி அனுபவத்தால் தெரிந்த விஷயங்களில், வேதத்தின் பெயரைச் சொல்லிக் கிறிஸ்தவன் அபத்தம் பேசினால், அவன் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொல்லும்போது யார் நம்புவார்கள் என்று அவர் வருந்தி எச்சரித்தார். பதினாறு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் அந்த எச்சரிக்கை சுடுகிறது.

ஆனால் இதையும் சொல்லியாக வேண்டும்: அதே அகுஸ்தீன், மனிதன் தோன்றி ஆறாயிரம் ஆண்டுகள்கூட ஆகவில்லை என்றுதான் நம்பினார். பழங்காலக் கிறிஸ்தவர்களில் மிகப் பெரும்பாலோர் உலகம் இளையது என்றே எண்ணினார்கள். வேறாக எண்ண அவர்களுக்குக் காரணம் எதுவும் இல்லை. அவர்களை நவீன அறிவியலின் முன்னோடிகளாகக் காட்டுவதும் நேர்மையல்ல.

சீர்திருத்தக் காலத்தில் லூதர் ஆறு நாட்களை அப்படியே எடுத்துக்கொண்டார். இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வினும் ஆறு நாட்களை ஏற்றார், ஆனால் சந்திரனைப் பற்றிய வசனத்தில் ஒரு கணம் நின்றார். ஆதியாகமம் சந்திரனைப் பெரிய சுடர்களில் ஒன்று என்கிறது, வானியலாளரோ சனிக்கோள் அதைவிடப் பெரியது என்று நிறுவுகிறார்கள். இதில் கால்வின் கலங்கவில்லை. ஆதியாகமத்தை எழுதியவராக மரபு சொல்லும் மோசே சாதாரண மக்களின் கண்ணுக்குத் தெரிவதை எழுதினார், வானியல் கற்க விரும்புபவர் வேறிடம் செல்லட்டும் என்றார்.

பூமியின் வயது கேள்விக்குள்ளானதும் டார்வினால் அல்ல. அவருடைய நூல் 1859இல் வந்தது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, பாறை அடுக்குகளை ஆராய்ந்தவர்கள் பூமி மிகப் பழையது என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள். அவர்களில் ஆடம் செட்ஜ்விக், வில்லியம் பக்லண்ட் போன்ற ஆங்கிலிக்கன் குருமார் இருந்தார்கள். ஆதியாகமத்தின் முதல் இரண்டு வசனங்களுக்கு நடுவே நீண்ட காலம் கழிந்திருக்கலாம் என்ற விளக்கத்தை ஸ்காட்லாந்துப் போதகர் தாமஸ் சால்மர்ஸ் 1814 வாக்கில் பரப்பினார். ஒவ்வொரு நாளும் ஒரு யுகம் என்ற விளக்கத்தை ஹியூ மில்லர் என்ற புவியியலாளர் எடுத்துச் சொன்னார். பிழையின்மைக் கோட்பாட்டை வடித்தவர்களில் முதன்மையான பிரின்ஸ்டன் இறையியலாளர் வார்ஃபீல்டுக்கு, பூமி பழையது என்பது ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை.

1925இல் பரிணாமம் கற்பித்த ஆசிரியர்மீது டென்னசியில் நடந்த புகழ்பெற்ற வழக்கில், பைபிள் தரப்பில் வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனே சாட்சிக் கூண்டில், படைப்பின் நாட்கள் 24 மணி நேர நாட்களாக இருக்க வேண்டியதில்லை என்றார். பிறகு ஆறு வழக்கமான நாட்கள் என்ற வாசிப்பு இவ்வளவு வலுப்பெற்றது எப்படி? அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த ஜார்ஜ் மெக்ரெடி பிரைஸ், பாறை அடுக்குகள் அனைத்தையும் ஜலப்பிரளயத்தால் விளக்க முயன்றார். அதே வழியில் ஜான் விட்கம்ப், ஹென்றி மாரிஸ் இருவரும் 1961இல் எழுதிய நூல் உலகெங்கும் பரவியது. இன்று 'இளம் பூமிப் படைப்புவாதம்' எனப்படும் இயக்கம் இந்த நூலிலிருந்து வளர்ந்தது. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆறு வழக்கமான நாட்களில் படைப்பு, பாறைகளும் புதைபடிவங்களும் பெரும்பாலும் பிரளயத்தின் விளைவு என்பது அதன் நிலைப்பாடு. நம்பிக்கை பழையது, அதை அறிவியலாக நிறுவ முயலும் இயக்கம் புதியது.

## ஏன் விட்டுக்கொடுக்க மறுக்கிறார்கள்?

பெரும்பாலான விளக்கங்கள் இந்தக் கேள்வியைத் தொடுவதேயில்லை. எழுத்தின்படி வாசிப்பவர்கள் ஒரு எண்ணுக்காக மட்டும் இவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. அந்த எண்ணோடு கிறிஸ்தவத்தின் மையமே பிணைந்திருக்கிறது என்று அவர்கள் பார்க்கிறார்கள்.

கிறிஸ்தவத்தின் அடிப்படைக் கதை இது: கடவுள் உலகை நல்லதாகப் படைத்தார், மனிதன் பாவம் செய்தான், பாவத்தால் மரணம் வந்தது, கிறிஸ்து அந்த மரணத்தை வென்றார். ரோமர் 5:12 ஒரே மனிதனாலே பாவமும் பாவத்தினாலே மரணமும் உலகத்தில் வந்தது என்கிறது. பவுல் அந்த ஒரு மனிதனாகிய ஆதாமையும் கிறிஸ்துவையும் எதிரெதிரே நிறுத்துகிறார். பூமி கோடிக்கணக்கான ஆண்டுகள் பழையது என்றால், மனிதன் தோன்றுவதற்கு முன்பே விலங்குகள் ஒன்றையொன்று கொன்றும் நோயுற்றும் மடிந்திருக்கின்றன. அப்படியானால் மரணம் பாவத்தின் விளைவு அல்ல, கடவுளின் படைப்பு முறையிலேயே அடங்கியது என்றாகிவிடாதா? மரணம் எதிரி இல்லையென்றால் கிறிஸ்து வென்றது எதை? இந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளுபவர் அதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை என்றுதான் சொல்வேன்.

இன்னொரு காரணமும் உண்டு. பத்துக் கட்டளைகளிலேயே, ஆறு நாள் வேலை செய்து ஏழாம் நாள் ஓய்ந்திரு, ஏனெனில் கர்த்தர் ஆறு நாளில் எல்லாவற்றையும் உண்டாக்கினார் என்று யாத்திராகமம் 20:11 சொல்கிறது. அங்கே மனிதனின் நாட்கள் வழக்கமான நாட்களாக இருக்கும்போது கடவுளின் நாட்கள் மட்டும் எப்படி யுகங்களாகும் என்று கேட்கிறார்கள். நேர்மையான வாதம் இது.

மற்ற கிறிஸ்தவர்கள் பதில் இல்லாமல் இல்லை. ரோமர் கடிதம் மரணம் எல்லா மனிதருக்கும் வந்தது என்று மனிதரைப் பற்றித்தான் பேசுகிறது, விலங்குகளைப் பற்றி அல்ல என்கிறார்கள். ஆதியாகமம் 2:4 வானமும் பூமியும் உண்டான முழுக் காலத்தையும் ஒரே 'நாள்' என்கிறது, ஆகவே அந்த நூலுக்குள்ளேயே நாள் என்பது நெகிழ்ந்து நிற்கிறது என்கிறார்கள். கலிலியோ விவகாரத்தையும் நினைவூட்டுகிறார்கள். யோசுவா காலத்தில் சூரியன் நின்றது, பூமி அசையாது என்ற வசனங்களை முன்வைத்து 1633இல் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. இன்று ஆறு நாளைக் கறாராக நம்புபவர்கள்கூடப் பொதுவாகப் பூமி சுற்றுவதை ஏற்கிறார்கள். அந்த வசனங்களின் அதிகாரம் குறையவில்லை, அவற்றை வாசிக்கும் விதம் மாறியது.

இந்த இடத்தில் நின்று பார்த்தால், இரு தரப்பும் ஒரே நூலின்முன் பணிந்துதான் வாதிடுகின்றன என்பது தெரியும். மகளும் மூத்தவனும் உயிலுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது போலத்தான்.

## பாறையும் விண்மீன் ஒளியும்

அறிவியல் தரப்பை நீட்டிச் சொல்லப் போவதில்லை. அது உறுதியானது, சில வரிகளில் அடங்கும். சில அணுக்கள் தாமாகவே சிதைந்து வேறு அணுக்களாகின்றன. அவற்றில் பாதி சிதைய ஆகும் காலம் 'அரை ஆயுள்'. யுரேனியம்-238 ஈயமாக மாறுவதற்கான அரை ஆயுள் ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள். பாறையில் இரண்டும் எந்த விகிதத்தில் உள்ளன என்று அளந்தால் வயது தெரியும். விண்கற்களின் ஈயத்தைக் கொண்டு கிளேர் பேட்டர்சன் 1956இல் கணக்கிட்டது 455 கோடி ஆண்டுகள். இன்றைய கணக்கு சுமார் 454 கோடி. வெவ்வேறு தனிமங்களைக் கொண்ட வெவ்வேறு முறைகள் ஒரே இடத்தில் வந்து சேர்வதுதான் இதன் பலம். கருவியே வேண்டாம் என்பவர், இருட்டான இரவில் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தை வெறுங்கண்ணால் பார்க்கலாம். அந்த மங்கலான ஒளி அங்கிருந்து புறப்பட்டு சுமார் 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

கடவுள் உலகை வயதான தோற்றத்தோடு படைத்திருக்கலாமே என்று சிலர் பதில் சொல்கிறார்கள். அதை எந்தச் சோதனையும் மறுக்க முடியாது. மறுக்கவே முடியாதது அறிவியல் கூற்றாகாது. அதை இறையியலாகப் பேசினால், நடக்காத வரலாற்றின் தடயங்களைக் கடவுள் ஏன் விட்டுவைக்க வேண்டும் என்ற இன்னும் கடினமான கேள்வி எழுகிறது. இளம் பூமியை நம்புவது ஒருவரின் உரிமை. ஆனால் அதை அறிவியலின் முடிவு என்று மாணவர்களுக்குச் சொல்வது உண்மைக்குப் புறம்பானது.

அமெரிக்க நீதிமன்றங்களில் இது தீர்ப்பாகவே வந்தது. பரிணாமத்தோடு 'படைப்பு அறிவியலும்' கற்பிக்க வேண்டும் என்ற அர்கன்சா மாநிலச் சட்டம் 1982இல் ரத்தானது. அதேபோன்ற லூசியானா சட்டத்தை 1987இல் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. அர்கன்சா வழக்கைத் தொடுத்தவர்கள் யார் என்பது பலருக்குத் தெரியாது. முதல் மனுதாரரே ஒரு கிறிஸ்தவப் போதகர். அவரோடு கத்தோலிக்க, எபிஸ்கோபல், மெதடிஸ்ட் ஆயர்கள் நின்றார்கள்.

## விவாதம் இப்போது எங்கே நிற்கிறது?

இளம் பூமி, பழைய பூமி, பரிணாமத்தின் வழியே கடவுள் படைத்தார் என்ற நிலை ஆகிய மூன்றும் இன்று வேத அதிகாரத்தை ஏற்கும் திருச்சபைகளுக்குள்ளேயே இருக்கின்றன. மனித மரபணுத் தொகுதித் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய பிரான்சிஸ் காலின்ஸ் மூன்றாவது நிலையில் நிற்கும் சுவிசேஷக் கிறிஸ்தவர். போப் இரண்டாம் ஜான் பால் 1996இல், பரிணாமம் ஒரு கருதுகோள் என்பதற்கும் மேலானது என்றார்.

பூமியின் வயதைவிட ஆதாமைப் பற்றிய கேள்விதான் இப்போது கூர்மையாகியிருக்கிறது. இன்றைய மனிதரின் மரபணு வேறுபாடுகளைப் பார்த்தால், கடந்த சில லட்சம் ஆண்டுகளில் நம் மூதாதையர் கூட்டம் இரண்டே பேராகச் சுருங்கியதாகத் தெரியவில்லை, ஆயிரக்கணக்கில் இருந்ததாகத் தெரிகிறது. 1950இலேயே போப் பன்னிரண்டாம் பயஸ், மனித உடலின் பரிணாமத்தை ஆராயத் தடையில்லை, ஆனால் பல முதல் பெற்றோர் இருந்தார்கள் என்பதை, ஆதாமின் பாவம் மனிதர் எல்லோருக்கும் வந்தது என்னும் ஜென்மபாவக் கோட்பாட்டோடு எப்படி இணைப்பது என்பது தெளிவாக இல்லை என்று எழுதினார். நாள் என்றால் யுகம் என்று சொல்லி இந்தச் சிக்கலைக் கடக்க முடியாது, ஏனெனில் பவுலின் வாதம் ஒரு மனிதனைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. பலரிலிருந்து கடவுள் தேர்ந்தெடுத்த ஒரு தம்பதி ஆதாமும் ஏவாளும் என்கிறார்கள் சிலர். மனிதகுலம் முழுவதற்குமான உருவகம் என்கிறார்கள் வேறு சிலர். வேறு மனிதர் எவரும் இல்லாத முதல் இருவர் என்பதில் இன்னும் பலர் உறுதியாக நிற்கிறார்கள். பூமியின் வயதில் ஒத்துப்போகும் இறையியல் ஆசிரியர்கள்கூட இந்தக் கேள்வியில் பிரிந்து நிற்கிறார்கள்.